செவ்வாய், வியாழன், சனி

அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் அவனுக்கு நாவல் எழுத நேரம் கிடைத்தது. இதை வெளியில் சொல்ல முடியாது. சொன்னால் காறித் துப்புவார்கள். அதனால் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. மதியம் இரண்டு மணிக்கு அப்பாவை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வைத்தால் ஆறு மணி வரை அவர் எழுந்திருக்க முடியாது. கையில் இரண்டு ஊசி, அதிலிருந்து இரண்டு குழாய். ரத்தம் ஒன்றில் போய், மெஷினில் அலசப்பட்டு, இன்னொன்றில் திரும்பி வரும். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் அவன். மடியில் நோட்டு. அந்த நான்கு மணி நேரம் மனைவி போன் செய்ய மாட்டாள், பிள்ளைகள் எதுவும் கேட்க மாட்டார்கள். கிடங்கிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டாலும், "அப்பாவோட ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "சரி சரி, பாரு" என்று குரலை இறக்கி வைத்துவிடுவார்.

வீட்டில் எழுத அவன் முயற்சி செய்யாமல் இல்லை. பார்சல் கிடங்கில் அவனுக்குக் காலை ஐந்திலிருந்து ஒரு மணி வரை வேலை. ஓடும் பெல்ட்டில் வரும் பெட்டிகளை ஏரியா எண் பார்த்துப் பிரித்து வண்டிக்குத் தள்ள வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நோட்டும் கையுமாகப் பிடிபட்டதால் அங்கே அவனுக்குப் பெயர் கவிஞர். வாழ்க்கையில் ஒரு கவிதை எழுதியதில்லை. மற்ற நாட்களில் மதியம் வீடு வந்து சேர்ந்தால், காஸ் சிலிண்டர் மாற்ற வேண்டியிருக்கும், சின்னவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும், மிக்ஸி ஓடாது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் சும்மா இருக்கிறான் என்று அர்த்தம். கையில் பேனா இருந்தாலும் அதே அர்த்தம்தான். அப்படி ஆரம்பித்த மூன்று நாவல்கள் நாற்பதாவது பக்கம் தாண்டாமல் செத்தன.

இது நான்காவது. ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேர், காணாமல்போன ஒருத்தியைப் பற்றி ஆளுக்கொரு பொய் சொல்கிற கதை. ஒரு வருஷத்தில், கிழித்துப் போட்டது போக, இருநூற்றுப் பதினான்கு பக்கம் தேறியிருந்தது. நன்றாக வந்திருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

அப்பா முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை பார்த்தவர். சும்மா உட்கார வைத்தால் சாபம் விடுகிற ஆள். முதல் மணி நேரம் மெஷினைக் குறை சொல்வார். இரண்டாவது மணி நேரம் தூங்குவார். மூன்றாவது மணி நேரம் கால் இழுத்துப் பிடிக்கும். உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவதால் வருகிற பிடிப்பு அது. கெண்டைக்கால் கல்லாகிவிடும். அவன் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து முட்டியை நோக்கி அழுத்துவான். பத்து நிமிஷம். பிறகு மீண்டும் நோட்டு. வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாள் மத்தியானம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி கிடப்பார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர். அவருக்குத் துணைக்கு வர யாரும் இல்லை.

"குழாய்க்காரரே, உம்ம பையன் என்னதான் எழுதறான்? உயிலா?"

"உயில் எழுத என்கிட்ட என்ன இருக்கு, ரெண்டு ரெஞ்சும் ஒரு பைப் வைஸும். அவன் கதை எழுதறான்."

"கதையில நான் வரேனா?"

"நீர் வந்தா வாசகன் ஓடிருவான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் வேறு ஒரு வழி சொன்னார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்துவிட்டு, வீட்டிலேயே மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கிற முறை. ஒரு நாளைக்கு நாலு தடவை, தடவைக்கு முக்கால் மணி நேரம். ஊசி கிடையாது, கால் இழுக்காது, வாரம் மூன்று நாள் வந்து போகிற அலைச்சல் கிடையாது. "உங்க அப்பா உடம்புக்கு இதுதான் தோது. ஆனா வீட்டுல சுத்தமான இடம் வேணும். இதை நிரப்பிக் குடுங்க," என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"நீயே எழுதிரு, எனக்குப் பொடி எழுத்து தெரியல," என்றார் அப்பா.

அவன் எழுதினான். நோயாளியின் வயது, எடை, உடன் இருப்பவர் விவரம். நான்காவது கேள்வி: கதவு மூடக்கூடிய, கை கழுவும் வசதியுள்ள தனி அறை வீட்டில் உண்டா? பேனா ஒரு கணம் நின்றது. பிறகு "இல்லை" என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம், "நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்கப்பா," என்றான்.

"அதானே, நமக்கு எது சரிப்பட்டிருக்கு," என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது.

மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. அறுபது பக்கம் எழுதினான்.

ஒரு வியாழக்கிழமை, மெஷின் ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். புதிதாக வந்திருந்த பயிற்சி சிஸ்டர் ஒரு கோப்போடு நாற்காலி நாற்காலியாக வந்துகொண்டிருந்தாள். வீட்டு முறைக்கு ஆள் சேர்ப்பது அவள் வேலை. தள்ளிப்போட்ட படிவங்களை எல்லாம் தூசி தட்டி எடுத்திருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு டாக்டர் ஓகே சொல்லியிருக்காரே. வீட்டுல தனி ரூம் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. ஒரு சின்ன இடம்கூடக் கிடையாதா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "ரூம் இல்லேன்னா? யாரு சொன்னது?"

"படிவத்துல இருக்கே."

"பின்னால ஒரு ரூம் இருக்கேம்மா. கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு. வாஷ்பேசின் நான் மாட்டினது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல."

"அதுல பழைய சாமானா இருக்கு, சிஸ்டர்," என்றான் அவன்.

"சாமானை எடுத்துட்டா ரூம்தானே, சார்?" என்று சொல்லிவிட்டு அவள் படிவத்தில் ஏதோ குறித்தாள். "நாளைக்கு ஒரு ஆள் வந்து பாக்கட்டும்." அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

தையல்காரர் காதைத் தீட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார்.

அப்பா முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டார். பேசியிருந்தால் தேவலை. எழுந்து போய்விடவும் அவரால் முடியாது, கை கட்டுண்டு கிடக்கிறது. அவனாலும் போக முடியாது. இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மெஷின் அதுபாட்டுக்கு ரத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

நாலரை மணிக்குக் கால் இழுத்தது. வழக்கத்தைவிட மோசமாக. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். அவன் பாதத்தைப் பிடித்து அழுத்தினான்.

"எதுக்குடா இல்லேன்னு எழுதின?"

"வீட்டுல வெச்சா இன்ஃபெக்‌ஷன் ஆயிடுமோன்னு..."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவங்க சரிப்படாதுன்னாங்கன்னு எதுக்குச் சொன்ன?"

அவன் அழுத்துவதை நிறுத்தவில்லை. பாதம் ஜில்லென்று இருந்தது. இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பொய்யும் சுமாரான பொய். கதை எழுதுகிறவனுக்கு அது தெரியும்.

"இங்க வந்தாத்தான் எழுத முடியுது," என்றான்.

"என்னது?"

"வீட்டுல முடியலப்பா. இங்க நாலு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டாங்க. வீட்டு முறை வந்தா இது போயிரும்."

அப்பா அவனைப் பார்த்தார். வேலை கேட்டு வந்தவனின் கையைப் பார்ப்பதுபோல், மேலும் கீழுமாக.

"அப்ப என் ரத்தத்தச் சுத்த விட்டு நீ கதை எழுதிட்டிருக்க."

"ஆமாம்."

"மூணு மாசமா."

"ஆமாம்பா."

"இன்னும் மேல அழுத்து. விரலப் புடிச்சு அழுத்துடா, தடியா."

அழுத்தினான். கெண்டைக்கால் மெல்ல இளகியது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?"

"அறுபது இருக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை எழுதற?"

"நல்லா வந்தா ரெண்டு. கிழிச்சது போக ஒன்றரை."

"அப்ப நாப்பது நாளு. மூணு மாசத்துக்கு மேல." அப்பா கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "அதெல்லாம் முடியாது. குழாய் வைக்கணும், புண்ணு ஆறணும், அதுக்கே ரெண்டு மூணு வாரம் ஆகும்னு அன்னைக்கு டாக்டர் சொன்னாரு. வர செவ்வாயிலேருந்து அஞ்சு வாரம் தரேன். பதினஞ்சு நாளு. அதுக்குள்ள முடி."

"ஒரு நாளைக்கு நாலு பக்கம் ஆகுதுப்பா. அப்படியெல்லாம் எழுத வராது."

"அது உன் பாடு. நான் ஒரு வீட்டுல வேலை எடுத்தா தேதி சொல்லித்தான் எடுப்பேன். தண்ணி வரலேன்னா வீட்டுக்காரன் என் மூஞ்சிலதான் முழிப்பான். பதினஞ்சாவது நாளு உன் ஆளு உசுரோட இருந்தாலும் சரி, செத்தாலும் சரி, நான் வீட்டுக்குப் போயிருவேன்."

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்கே ஆரம்பிக்கலாம்பா என்று சொல்லியிருந்தால் அது ஒரு மகன் சொல்கிற பேச்சாக இருந்திருக்கும். அவன், "சரி," என்றான்.

தையல்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அப்ப எனக்கும் கதையில ஒரு இடம் பாத்து வையி தம்பி. சின்ன வேஷமா இருந்தாலும் போதும்."

மறுநாள் ஆள் வந்து பின்னறையைப் பார்த்தார். ஓட்டை சைக்கிள், உடைந்த கட்டில், இரண்டு டிரம் வெளியே போயின. மனைவி ஒருநாள் முழுக்க நின்று கழுவினாள். "இப்படி ஒரு வழி இருக்குன்னு முன்னமே தெரியாமப் போச்சே," என்றாள். அவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியூரில் இருக்கும் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார் அப்பா.

"எதுக்குப்பா அஞ்சு வாரம்? குழாய வெச்சு ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிரலாமாமே?"

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

"உங்களுக்கு என்ன வேலை? அண்ணா பாவம், எத்தனை நாள்தான் தூக்கிட்டு அலையும். அண்ணா மாதிரி யாரு பாப்பா இந்தக் காலத்துல!"

"ஆமா ஆமா," என்றார் அப்பா. போனை வைத்ததும் அவன் பக்கம் திரும்பினார். "உனக்காக மறைச்சேன்னு நெனச்சுக்காத. சொன்னா அவ ரெண்டு மணி நேரம் பேசுவா. என் காது தாங்காது."

முதல் நாள் அவனால் ஒரு பக்கம்தான் எழுத முடிந்தது. அதுவும் குப்பை. ஆறு மணிக்கு ஊசியை உருவிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் அப்பா, "இவனுக்கு இன்னும் பதினாலு நாளுதான்மா," என்றார். சிஸ்டர் பதறிப்போய் அவனைப் பார்த்தாள். "என்ன சார், உடம்புக்கு என்ன?"

இரண்டாம் நாள் மூன்று பக்கம். மூன்றாம் நாள் நான்கு. தேதி குறித்தால் வரும் என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கிழிப்பதை நிறுத்தினான். அடித்துத் திருத்திவிட்டு மேலே போனான். அப்பா தூங்குவதையும் குறைத்துக்கொண்டார். அரைக் கண்ணைத் திறந்து, "எழுதறியா, இல்ல அந்த சிஸ்டரப் பாத்துட்டிருக்கியா?" என்பார். இரண்டாவது வாரம் வயிற்றில் குழாய் வைத்தார்கள். சட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "ஊரு முழுக்கக் குழாய் மாட்டினேன். கடைசில எனக்கே ஒரு இணைப்புக் குடுத்துட்டானுங்க." தொப்புளுக்குப் பக்கத்தில் டேப்பை இழுத்துப் பார்த்து, ஒட்டியது சரியில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஊசி இடம் தவறியது. நரம்பு கிழிந்து ரத்தம் தோலுக்கடியில் கசிந்தது. கை வீங்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுத்துப்போயிற்று. மெஷின் கத்தியது. இரண்டு சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள். ஐஸ் வைத்தார்கள், ஊசியை மாற்றி மேல்கையில் குத்தினார்கள். முதல் குத்தில் கிடைக்கவில்லை. மூன்றாவதில் கிடைத்தது. அப்பா சத்தம் போடவில்லை. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவன் அதைத் துடைத்துவிட்டான்.

மெஷின் மீண்டும் ஓட ஆரம்பித்த பிறகு அவன் நான்கு பக்கம் எழுதினான். நாவலிலேயே நல்ல நான்கு பக்கம் அவை. வலியைப் பார்த்ததால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, அவனுக்குத் தெரியாது. எழுதி முடித்துவிட்டு அப்பாவின் கையைப் பார்த்தான். கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"போதும்பா," என்றான். "குழாய்ப் புண்ணு ஆறிடுச்சுல்ல. திங்கக்கிழமையே வீட்டுல ஆரம்பிச்சிரலாம்."

"இன்னும் மூணு நாளு இருக்கு."

"வேண்டாம்பா."

"ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான். கையில தேதி இருக்கும்போது பாதி வேலையில ஏணிய எடுத்துட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல."

அவன் ஒரு தடவைதான் சொன்னான். இரண்டாவது தடவை வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தவில்லை. அதை அவன் பிற்பாடும் தனக்குத்தானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டதில்லை.

பதினைந்தாம் நாள், சனிக்கிழமை. இரண்டு மணியிலிருந்து தலை நிமிராமல் எழுதினான். தையல்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு மெஷின் முடிந்துவிட்டதாக மணி அடித்தது. சிஸ்டர் வந்து ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். அடுத்த ஷிப்ட் ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சார், ஸ்டூலக் கொஞ்சம் நகத்துங்க, துடைக்கணும்."

எழுந்தான். நின்றுகொண்டே அந்த வாக்கியத்தை முடித்தான்.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

"பதினோரு பக்கம் பாக்கி."

"என்ன ஆச்சு, அந்தப் பொண்ணு கிடைச்சாளா?"

"பஸ் ஸ்டாண்டுல நிக்கறா. ரெண்டு பேரும் இன்னும் பாக்கல."

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். வீங்கிய கை நுழையவில்லை. அவன் கையைப் பிடித்து மெதுவாக நுழைத்துவிட்டான். இன்னொரு வாரம் தரேன் என்று சொல்வாரோ என்று அவன் மனசு ஒரு ஓரத்தில் காத்திருந்தது. வெட்கமே இல்லாமல் காத்திருந்தது.

"சரி, நிக்கட்டும்," என்றார் அப்பா. தையல்காரரிடம் திரும்பி, "வரேன்யா. வீட்டுப் பக்கம் வந்தா எட்டிப் பாரும்," என்றார்.

"என்னை விட்டுட்டுப் போறீரே," என்றார் தையல்காரர். "யாரைப் பாத்து நான் இனி திட்டறது?"

திங்கட்கிழமை வீட்டில் ஆரம்பித்தார்கள். காலை ஆறு மணிப் பை மனைவிக்கு, பத்து மணிப் பை அப்பாவே போட்டுக்கொள்வார், மதியமும் இரவும் அவனுக்கு. அப்பா மூன்று நாளில் அவர்கள் எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டார். மூடியைத் திருகும் முறை, குழாயில் காற்று நிற்காமல் விடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. அடுத்த வாரம் தெருமுனை வரை நடந்து போய் பேப்பர் வாங்கி வந்தார். கால் இழுக்கவில்லை. கையில் கறுப்பு பச்சையாகி, பச்சை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

நோட்டு அலமாரியில் கிடந்தது. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு அவன் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தான். வியாழன் சின்னவனோடு கணக்கு. சனிக்கிழமை மனைவியின் சித்தி வீட்டுக்குப் பீரோ நகர்த்தப் போனான். எங்கேயும் அவன் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி போயிற்று.

அன்று சாயங்காலம் அடுக்களை வாசலில் போய் நின்றான். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தினம் ஒரு மணி நேரம் வேணும்."

"எதுக்குங்க?"

"எழுதறதுக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவன் இதைக் கேட்டதேயில்லை.

"ஆஸ்பத்திரியில எழுதிட்டுத்தானே இருந்தீங்க."

"ஆமா. அதுக்காகத்தான் வீட்டுல ரூம் இல்லேன்னு எழுதிக் குடுத்தேன். மூணு மாசம் அப்பாவ அலைய வெச்சேன்."

அரிசி களைந்த கை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன மனுஷங்க நீங்க," என்றாள். அது கேள்வி இல்லை. களைந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். "என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்," என்றாள். "உங்களுக்கு ஒரு மணி நேரம்னா எனக்கு யாரு ஒரு மணி நேரம் தருவா? நான் காலையில எந்திரிச்சதுல இருந்து உக்காந்தேனா?"

அவன் வாசலிலேயே நின்றான்.

"எத்தனை பக்கம்?"

"பதினொன்னு."

"ஒரு மணி நேரமெல்லாம் கிடையாது. அரை மணி. அதுவும் பாத்திரம் கழுவி வெச்சுட்டு. பதினொன்னு முடிஞ்சதும் அந்த அரை மணி எனக்கு. நான் எதுவும் எழுதப் போறதில்ல, சும்மா படுத்துக் கெடப்பேன். அப்பவும் பாத்திரம் நீங்கதான் கழுவணும்."

"சரி."

"சரின்னு சும்மா சொல்லாதீங்க."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. நிறைய இருந்தன.